செஞ்சி காட்டும் காலக் கணக்குகள்

முன்னுரை

செஞ்சி என்றவுடன் கோட்டையும் தேசிங்கு ராசனும் நினைவுக்கு வருதல் இயல்பு. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுப்பிய அக்கோட்டையின் வீரவரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியப் படைத்தளங்களுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் செஞ்சி இடம்பெற்றது. ஆயினும் இக்கட்டுரை போர்களைப் பற்றியதன்று. அப்போர்கள் எந்த நாளில் நிகழ்ந்தன என்று நாம் எப்படி அறிகிறோம் என்பதைப் பற்றியது.

கோன் மரபினர், விசயநகரத்தார், நாயக்கர், பிஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் இவ்வூரை ஆண்டனர். வந்தவர் ஒவ்வொருவரும் படையோடும் கொடியோடும் தமக்குரிய ஆண்டுக் கணக்கையும் கொண்டு வந்தனர். எனவே செஞ்சியில் கல்வெட்டையோ ஆவணத்தையோ படிக்கப் புகுவோர் முதலில் காலத்தைப் படிக்கக் கற்க வேண்டும். மனிதன் காலத்தை எவ்வாறு அளந்தான், எவ்வாறு புரிந்துகொண்டான், பின்னர் எவ்வாறு அக்கணக்குக்கே கட்டுப்பட்டான் என்னும் மூன்றையும் இவ்வொரு வட்டாரத்தைச் சான்றாக வைத்தே காணலாம்.

தமிழர் கண்ட பொழுது

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுக்கிறது. மனித வாழ்வு நிகழ இடம் வேண்டும், காலம் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த பின்னரே கருப்பொருளும் உரிப்பொருளும் அமைகின்றன. காலத்தை இலக்கணத்தின் அடித்தளமாகவே வைத்த சிறப்பு இதுவாகும்.

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். நாளினை வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளாக்கினர். இப்பகுப்பில் எண்ணிக்கையைவிட இயல்பே முதன்மை பெறுகிறது. கார் என்றால் மழை. பனி என்றால் குளிர். இன்ன நாளில் கார் தொடங்குகிறது என்று வானத்துக்கு யாரும் ஆணையிடவில்லை. மேகம் வந்தபோது கார் வந்தது.

ஆனால் அரசும் வாணிகமும் வளர்ந்தபோது இயல்பு மட்டும் போதவில்லை, எண் தேவைப்பட்டது. அறுபது விநாழிகை ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். ஏழரை நாழிகை ஒரு யாமம். எட்டு யாமம் ஒரு நாள். இன்றைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஒரு யாமம் மூன்று மணி. முகலாயர் 'பஹர்' என்று குறித்ததும் இதே எட்டிலொரு பங்குதான். பாபர் தம் வரலாற்று நூலில், இந்நாட்டில் நாளை அறுபதாகப் பகுத்து மணித்தட்டு அடித்து அறிவிக்கும் முறையை விளக்கமாக எழுதியுள்ளார். யாமம் நம் பேச்சில் சாமம் ஆயிற்று. நள்ளிரவு நடுச்சாமம் ஆயிற்று.

நாழிகை வட்டில்

நாழிகையை அளக்கப் பயன்பட்டது நீர். முல்லைப்பாட்டு இக்கருவியைக் குறுநீர்க்கன்னல் என்று குறிக்கிறது. பாசறையில் அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் அங்கே வருகின்றனர். அடியில் நுண்துளையிட்ட சிறு வட்டிலை நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் ஏறி வட்டில் அமிழ்ந்தால் ஒரு நாழிகை. காவலர் அதை எடுத்து வெறுமையாக்கி மீண்டும் மிதக்க விடுவார். பகலில் வெயில் மறைந்தாலும் இரவில் விண்மீன் மறைந்தாலும் இக்கணக்குத் தடைப்படாது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். நாழி என்பது நெல்லளக்கும் படி. நாழிகை என்பது பொழுதளக்கும் அலகு. தமிழன் நெல்லையும் பொழுதையும் ஒரு சொல்லின் குடும்பத்திலேயே வைத்து அளந்தான். இன்று நாம் கையில் கட்டும் கடிகாரமும் நாழிகையைக் குறிக்கும் 'கடிகை' என்னும் சொல்லோடு உறவுடையது. கருவி மாறிற்று, பெயர் மாறவில்லை.

நெல்லும் பொழுதும் ஒன்றென்பதற்குக் கோட்டையிலுள்ள பெரிய நெற்களஞ்சியமும் சான்று பகரும். களஞ்சியம் என்பது சேமித்து வைத்த காலமே. 1690இல் சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்தது 1698இல். இத்துணை ஆண்டுகள் அந்த முற்றுகை நீண்டதற்கு மதிலின் வலிமை மட்டும் காரணமாகாது. உள்ளிருந்தோரின் சேமிப்பும், வெளியிலிருந்தோரை வருத்திய மழையும் தானியத் தட்டுப்பாடும் சேர்ந்தே அதன் காலத்தை நிர்ணயித்தன.

ஐம்பத்தேழு நாள்

கோட்டை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செஞ்சியில் காலத்தைக் கல்லில் எழுதிவிட்டனர். செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று உள்ளது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பெற்ற சமண இடம் அது. அங்குள்ள பழங்கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என அறிவிக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முற்பட்டதாக அறிஞர் கருதும் எழுத்து அது. பிற்காலத்து மற்றொரு கல்வெட்டு இளையபட்டாரர் என்பார் முப்பது நாள் நோன்பிருந்ததைக் கூறுகிறது.

சந்திரநந்தியின் கல்வெட்டில் அரசன் பெயரில்லை, ஆட்சியாண்டு இல்லை. ஓர் எண் மட்டுமே உண்டு. யாரோ ஒருவர் அவர் அருகிலிருந்து ஒவ்வொரு விடியலையும் எண்ணியிருக்க வேண்டும். ஐம்பத்தேழு என்று நிறுத்த வேண்டிய நாள் வந்தபோது அதைப் பாறையில் பொறிக்கச் செய்திருக்க வேண்டும். வரலாற்றாசிரியருக்கு இக்கல்வெட்டால் ஆண்டு கிடைப்பதில்லை. ஆனால் காலம் என்பது உண்மையில் எதனால் ஆனது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரு மனிதனின் நாள்களை இன்னொரு மனிதன் எண்ணிக் காத்ததே அது.

அரசனின் ஆண்டு

பிற்காலக் கல்வெட்டுகளில் நிலைமை வேறு. சோழர் காலத்தில் ஆண்டு என்பது அரசனின் ஆண்டு. அவன் முடிசூடியது முதல் எத்தனையாவது யாண்டு என்றே எழுதினர். அரசன் மறைந்தால் கணக்கும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். விசயநகரத்தாரும் நாயக்கரும் சாலிவாகன சக ஆண்டையும் அதனோடு பிரபவ முதல் அட்சய ஈறான அறுபது ஆண்டுப் பெயர்களுள் ஒன்றையும் சேர்த்து எழுதினர். அறுபதாண்டுச் சுழலில் ஒரு குறை உண்டு. 'பிரமோதூத ஆண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1690ஆகவும் இருக்கலாம், 1750ஆகவும் இருக்கலாம். சக ஆண்டு அந்த ஐயத்தை நீக்குகிறது.

1677இல் செஞ்சியைக் கைப்பற்றிய சிவாஜி, 1674இல் தாம் முடிசூடிய நிகழ்ச்சியிலிருந்தே ஒரு புதிய ஆண்டுக் கணக்கைத் தொடங்கியவர். புதிய அரசு அமைந்தது என்பதை உலகுக்கு உணர்த்தும் வழிகளுள் ஒன்று, காலத்தையே தன்னிலிருந்து தொடங்குவது. இதனை நாம் எந்நாட்டு வரலாற்றிலும் காணலாம்.

பிறையும் கதிரும்

இனி ஹிஜ்ரி ஆண்டைக் காண்போம். பெருமானாரவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற கி.பி. 622ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்ளும் இம்முறையைக் கலீபா உமர் அவர்கள் ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் வகுத்தார்கள். ஆட்சியாளர் ஒருவரின் பிறப்பையோ முடிசூட்டையோ தொடக்கமாகக் கொள்ளாமல், ஒரு சமுதாயம் இடம்பெயர்ந்து புதுவாழ்வு தொடங்கியதைத் தொடக்கமாகக் கொண்டது இதன் தனிச்சிறப்பு.

ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறை வரை சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம். பன்னிரண்டு திங்களுக்கு 354 நாளும் ஒரு நாளின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மிகுதியும் ஆகும். கதிரவன் வழிப்பட்ட ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சற்றேறக்குறைய 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் சுற்றி வருகிறது. நம் இலக்கண மொழியில் சொன்னால், இளமை முதல் நடுவயது வரை நோன்பு நோற்ற ஒருவர் காரிலும் கூதிரிலும் முன்பனியிலும் பின்பனியிலும் இளவேனிலிலும் முதுவேனிலிலும் நோன்பு நோற்றவராவார். நெடும்பகலின் கடுமையும் குறும்பகலின் எளிமையும் உலகின் எல்லா நாட்டாருக்கும் முறையாகப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன.

திங்களுக்குப் பிறை அளவுகோலானது போல, நாளுக்குக் கதிரவன் அளவுகோலாயிற்று. ஐவேளைத் தொழுகை நேரங்கள் யாவும் கதிரவனின் நிலையையே சார்ந்தவை. உச்சி சாய்ந்தபின் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் நீங்கலாக, அப்பொருளின் நீளத்தை எட்டும்போது அஸர் என்பது ஷாபிஈ மரபு. இருமடங்கு என்பது ஹனபி மரபு. இதனால் நிழலை அளக்கும் கணிதம் இஸ்லாமிய உலகில் பெரிதும் வளர்ந்தது. தமாஸ்கஸ் பெரும்பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு சாதிர் 1371இல் அமைத்த கதிர்க்கடிகை அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்றது. அஸ்ர் என்னும் அரபுச் சொல் பிற்பகலையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். திருக்குர்ஆனின் 103ஆம் அத்தியாயம் அப்பெயருடையது.

செஞ்சியிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். இவ்வூர் வடக்கே ஏறத்தாழ 12¼ பாகையில் அமைந்திருப்பதால், ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்டு 20ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை கதிரவன் உச்சிக்கு நேராக வருகிறான். அந்நாள்களில் நட்டுவைத்த கோலுக்கு உச்சிப்போதில் நிழல் இராது.

கோட்டையிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 1717-18இல் கட்டப்பட்டது என நூல்கள் குறிக்கும். ஏன் இரண்டு ஆண்டுகள் என மாணவர் ஐயுறலாம். ஹிஜ்ரி ஆண்டும் கிறித்துவ ஆண்டும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. ஹிஜ்ரி 1130 என்பது 1717 டிசம்பரில் தொடங்கி 1718 நவம்பரில் முடிந்தது. கல்வெட்டில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்து திங்கள் இல்லையெனில், நேர்மையான வரலாற்றாசிரியர் இரு ஆண்டுகளையும் இணைத்தே எழுதுவார்.

பசலி பிறந்த கதை

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பிறைக்கணக்கு வழிபாட்டுக்கு உகந்தது. ஆனால் நெற்பயிர் பிறையைப் பார்த்து விளைவதில்லை. கதிராண்டு நூறு கழிவதற்குள் பிறையாண்டு நூற்றுமூன்று கழிந்துவிடும். பிறையாண்டுக் கணக்கில் வரி வாங்கினால் உழவன் நூறு விளைச்சலுக்கு நூற்றுமூன்று முறை வரி செலுத்த வேண்டும். விளையாத மூன்று பயிருக்கு வரி! முப்பத்தொரு பிறையாண்டு முப்பது கதிராண்டுக்குச் சமமாதலின் இம்முறை குடிகளுக்கு அநீதி என்பதை அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் எடுத்துரைத்தார்.

இதற்குத் தீர்வாக அமைந்ததே பசலி ஆண்டு. 'பசல்' என்றால் பருவம், விளைச்சல். அக்பர் காலத்தில் வடநாட்டில் தொடங்கிய இம்முறையை ஷாஜகான் 1636இல் தக்காணத்தில் நடைமுறைப்படுத்தினார். அப்போது ஹிஜ்ரி 1046. அவ்வெண்ணையே தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதற்குப்பின் கதிராண்டாக எண்ணி வந்தனர். எனவேதான் நம் பகுதியில் பசலியுடன் 590ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கிறது.

ஒரு தாயின் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகள் வெவ்வேறு நடையில் நடப்பதுபோல ஹிஜ்ரியும் பசலியும் 1046இல் பிரிந்தன. 2025 சூன் இறுதியில் ஹிஜ்ரி 1447 பிறந்தது. அடுத்து சூலை முதல் நாளில் பசலி 1435 பிறந்தது. இடைவெளி பன்னிரண்டு. உழவன் செலுத்தாமல் தப்பிய பன்னிரண்டு ஆண்டு வரி அந்த இடைவெளியில் உள்ளது. கணிதம் அறமாகும் இடம் இது.

வழிபாட்டுக்கு ஒரு காலம், வரிக்கு ஒரு காலம் என முஸ்லிம் ஆட்சியாளரே பிரித்து வைத்தனர் என்பதும் கருதத்தக்கது. சமயக் கணக்கை மாற்றாமலும் குடிகளை வருத்தாமலும் அவர்கள் கண்ட வழி இன்றும் நம் வருவாய்த்துறையில் வாழ்கிறது. செஞ்சி வட்டத்துச் சிற்றூர் அடங்கல் எதனைப் புரட்டினாலும் அதில் பசலி எண் இருக்கும். ஆண்டுதோறும் பசலி முடிவில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியும் அதன் தொடர்ச்சியே.

தவணையின் கொடுமை

காலக்கணக்கு குடிகளைக் காக்கவும் கூடும், கசக்கவும் கூடும். செஞ்சியின் துயரக் கதைகளுள் முதன்மையானது நிலுவையால் விளைந்ததே. முகலாயர் சார்பில் கோட்டையைக் காத்த சுரூப்சிங் 1714இல் இறந்தார். அவர் செலுத்தவேண்டியிருந்த நிலுவையை நவாபு சாதத்துல்லா கான் கேட்டார். மகன் தேஜ்சிங் மறுத்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் அவ்விளைஞர் மாண்டார். அவரையே தேசிங்கு ராசன் என மக்கள் பாடி வருகின்றனர். அவருக்காக உயிர்கொடுத்த முஸ்லிம் நண்பனையும் அதே கதைப்பாடலில் போற்றுகின்றனர். வரி நிலுவையில் தோன்றிய பகையை நட்பின் கதையாக மாற்றிக் காத்தது பாடிய மக்களின் பெருமை.

ஆங்கிலேயக் கும்பினியாட்சியில் தவணை இன்னும் இறுகிற்று. நிலவரியைக் கிஸ்தி கிஸ்தியாகக் குறித்த நாளில் செலுத்த வேண்டும். களத்துக்கு நெல் வருமுன் தவணை நாள் வந்தால் உழவன் கடன் வாங்கினான், கிடைக்காவிடில் அடிபட்டான். சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்காக நடந்த சித்திரவதைகளை ஆராய அமைத்த ஆணைக்குழு 1855இல் அறிக்கை அளித்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் முதலியவற்றின் பெயர்கள் அவ்வறிக்கையில் இடம்பெற்றுள்ளன. அதே 1855இல்தான் சென்னை மாகாணத்தில் பசலியின் தொடக்கம் சூலை 1 எனச் சீராக்கப்பட்டது. முதலில் ஆடிப் பிறப்பாகவும் பின்னர் சூலை 12ஆகவும் இருந்தது அது. ஏட்டில் நாள் சீரானது. ஆனால் அந்நாளை நோக்கி அஞ்சி நின்றவனின் நிலை சீராக நெடுங்காலம் பிடித்தது.

அளப்பதற்காக மனிதன் உண்டாக்கிய நாள், மனிதனை அளக்கத் தொடங்கியது எவ்வாறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஒரே நிகழ்ச்சி, பல தேதிகள்

1750ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சியைக் கைப்பற்றியது. அதே இரவு ஆங்கிலேயர் நாட்காட்டியில் ஆகஸ்டு 31. இது பிழையன்று. 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி திருத்திய நாட்காட்டியை அவ்வாண்டிலேயே பிரான்சு ஏற்றது, இங்கிலாந்து ஏற்கவில்லை. 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாளை 14 எனக் கொண்டபோதுதான் ஆங்கிலேயர் பதினொரு நாளை விட்டு உலகத்தோடு இணைந்தனர்.

அதே ஆண்டின் இறுதியில் செஞ்சிக்கு அருகே நிசாம் நாசர் ஜங் கொல்லப்பட்டார். அந்நாளைச் சில நூல்கள் டிசம்பர் 5 என்கின்றன; சில டிசம்பர் 16 என்கின்றன. இரண்டும் ஒரே நாளே. ஹிஜ்ரிக் கணக்கில் அது 1164 முஹர்ரம் நடுப்பகுதி; தமிழ்க் கணக்கில் பிரமோதூத ஆண்டு மார்கழி முதல் வாரம்; சக ஆண்டு 1672; பசலி 1160. புதுவையில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ் ஆண்டு, திங்களோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதி வந்தார். பன்மொழி அறிந்த அத்துபாஷி பல காலங்களையும் அறிந்தவராக இருந்தார். அக்காலத்துச் செஞ்சிக் கடைத்தெருவில் வாணிகம் செய்தவனுக்கும் இத்திறன் ஓரளவு வேண்டியிருந்திருக்கும்.

இக்கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பட்டியலாக்கித் தந்த பெருமை தமிழறிஞர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையைச் சாரும். 1922இல் வெளிவந்த அவருடைய இந்திய நாட்காட்டி நூல் இல்லையேல் தென்னாட்டுக் கல்வெட்டாராய்ச்சி பெரிதும் இடர்ப்பட்டிருக்கும்.

சோழியில் எண்ணிய கிரகணம்

செஞ்சியிலிருந்து ஒரு நாள் பயணத்தில் உள்ள புதுவையில் நிகழ்ந்த இரு செய்திகள் தமிழர் கணிதத்தின் தரத்தைக் காட்டும். வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காணப் பிரான்சிலிருந்து வந்த வானியலார் லெ ஜாந்தீய், 1761இல் புதுவை ஆங்கிலேயர் வசம் இருந்ததால் கரையிறங்க இயலவில்லை. எட்டாண்டு காத்திருந்து 1769 சூன் 4 காலையில் புதுவையில் கருவிகளோடு நின்றார், மேகம் மறைத்தது. அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை; இங்குள்ள தமிழரிடம் வானியற் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணித்தபோது பிழை 41 விநாடி மட்டுமே. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளால் கணித்தபோது பிழை 68 விநாடி.

அடுத்து, 1825இல் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுவையில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் அவ்வாண்டு மே 31ஆம் நாள் சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு எழுதினார். அவரிடம் தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களைப் பெற்றார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். முன்னைய சான்றில் நுண்மையும் பின்னையதில் வழுவும் காணப்படுகின்றன. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே அறிவுக்கு அழகு. பரம்பரையாக ஓதப்பட்ட வாக்கியங்கள் வானத்தோடு மீண்டும் ஒப்பிடப்படாமையால் வழு பெருகிற்று. அவ்வழுவைத் திருத்த எழுந்ததே திருக்கணிதம். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் நம் வீடுகளில் உள்ளன.

ஊர்ப்பொழுதும் நாட்டுப்பொழுதும்

பண்டு ஒவ்வோர் ஊருக்கும் தனிப்பொழுது இருந்தது. கதிரவன் உச்சிக்கு வருவதே அவ்வூரின் நண்பகல். 1792இல் நிறுவப்பெற்ற சென்னை வானாய்வகம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரத்தைக் கணித்தது. இரயில் பாதைகள் பெருகியபோது ஊருக்கொரு நேரம் ஒத்துவராமல், சென்னை நேரமே இந்திய இரயில்வேக்கும் நேரமாயிற்று. பின்னர் 1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அது கிழக்கு 82½ பாகைக்கு உரியது. சென்னை நேரத்தைவிட 9 நிமிடம் முந்தியது.

செஞ்சியோ ஏறத்தாழ 79.4 பாகையில் உள்ளது. ஆகவே நம் கடிகாரம் செஞ்சியின் சராசரிப் பொழுதைவிட 12 நிமிடத்துக்கும் சற்று மிகுதியாக முந்தி ஓடுகிறது. செஞ்சிக் கோட்டையில் கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.56, பிப்ரவரி நடுவில் 12.27. பள்ளிவாசல்களில் தொழுகை நேர அட்டவணை ஊருக்கு ஊர் சில நிமிடம் வேறுபடுவதற்கும், நாள்தோறும் மாறுவதற்கும் காரணம் இதுவே. நாடு முழுதும் ஒரே கடிகாரத்துக்குப் பணிந்த பின்னரும், ஊரின் உண்மையான உச்சிப்போதைத் தேடிச் சொல்லும் வழக்கம் அந்த அட்டவணையில் வாழ்கிறது. பஞ்சாங்கத்தில் அந்தந்த ஊர்க் கதிரவன் உதயம் பார்ப்பதும் அவ்வாறே.

இன்றோ விநாடிக்கும் கதிரவன் தேவையில்லை. 1967 முதல் சீசியம் அணுவின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளே ஒரு விநாடி. புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் அந்நேரத்தைப் பேணுகிறது. பேருந்தும் தேர்வும் தொழிற்கூடமும் அதற்கு அடங்குகின்றன. ஆயினும் சம்பா எப்போது நடுவது என்று அந்த அணு சொல்லாது. அதை இன்றும் காரே சொல்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, காலம் இயற்கையின் கொடை. காலக்கணக்கு மனிதரின் உடன்பாடு. உடன்பாடாதலின் அதைத் திருத்தலாம். பசலி அவ்வாறு திருத்தப்பட்டதே. இரண்டாவது, கணக்கைக் கையில் வைத்திருப்பவன் குடிகளையும் கையில் வைத்திருக்கிறான். ஆதலின் தவணை குறிப்பவன் களத்தைப் பார்த்த பின்னரே நாளைக் குறிக்க வேண்டும். மூன்றாவது, ஒரே ஊரில் ஐந்தாறு காலக்கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துள்ளன. ஒருவர் பிறை பார்த்தார். ஒருவர் நட்சத்திரம் பார்த்தார். இருவரும் ஒரே சந்தையில் ஒரே நாளில் நெல் விற்றனர்.

மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் அடக்கத்தலத்திலும் உள்ள கல்லெழுத்தைக் காணுங்கள். சக ஆண்டாயின் 78ஐக் கூட்டுங்கள், பசலியாயின் 590ஐக் கூட்டுங்கள், திருவள்ளுவர் ஆண்டாயின் 31ஐக் கழியுங்கள், ஹிஜ்ரியாயின் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஆண்டின் தொடக்கம் வேறுபடுவதால் ஓராண்டு முன்பின்னாகலாம் என்பதை மறவாதீர். வீட்டு முதியோரிடமுள்ள பழம்பட்டாக்களையும் திருமணப் பதிவுகளையும் இவ்வாறே படித்துப் பாருங்கள். அவற்றுள் பல கரையான் வாய்ப்பட்டு அழிந்து வருகின்றன. முதியோர் உடனிருக்கும்போதே கேட்டுக் குறித்து வைத்தால் ஒரு குடும்பத்தின் காலம் காக்கப்படும்.

திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு என்று பொறித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் எண்ணி எழுதியதால் சந்திரநந்தி வாழ்ந்தார் என்பது தெரியும். எண்ணுவதும் எழுதுவதும் காப்பதும் கற்றோரின் கடன்.